தோட்டக் கேள்வி – பதில்: நெட்டையாகிச் சாயும் நாற்று

கேள்வி: மிளகாய் மேடைக்குக் கிடுகால் பந்தல் போட்டிருக்கிறேன். முளைத்துப் பத்து நாளிலேயே கன்றுகள் விரல் நீளத்துக்கு வளர்ந்து, பூவாளியால் தண்ணீர் விட்டதும் சாய்ந்து விடுகின்றன. கடையில் கிபரெலின் அடிக்கச் சொல்கிறார்கள். அடிக்கலாமா?
– வாசகர், உரும்பிராய்

பதில்: வேண்டாம். உங்கள் கன்றுக்கு உயரம் காணாமல் இல்லை, கூடிப்போனதுதான் வருத்தம்.

வெளிச்சம் குறைந்தால் கன்றில் வளர்ச்சி ஓமோன்களான ஒட்சினும் கிபரெலினும் ஓங்கும். ஒட்சின் கலச்சுவரை இளக்கும். கிபரெலின், வளர்ச்சியை அடக்கி வைத்திருக்கும் புரதங்களை அழிக்கும். கலம் தண்ணீரை உறிஞ்சி நீளும். கலச்சுவரில் படிந்து தண்டை நிமிர்த்தி வைக்கும் மரப்பொருளான இலிக்னின், இந்த நேரத்தில் தண்ணீர் கடத்தும் காழ்க் குழாய்களில் வளையம் வளையமாக மட்டுமே படியும். கலம் நீள்வதை நிறுத்திய பிறகுதான் சுவர் முழுவதும் தடித்து இறுகும். உங்கள் கன்று இன்னும் நீள்வதை நிறுத்தவில்லை.

கிபரெலின் கண்டுபிடிக்கப்பட்ட கதையே இதுதான். நெற்பயிர் நெடுநெடுவென்று வளர்ந்து விழும் ஒரு நோய்க்குப் பங்கசு வெளிவிடும் பொருள் காரணம் என்று 1926இல் குரோசாவா என்ற யப்பானியர் காட்டினார். அந்தப் பொருளுக்கு 1935இல் இடப்பட்ட பெயர்தான் கிபரெலின். காசு கொடுத்து அந்த நோயையே வாங்கி அடிப்பானேன்? புகையிலையில் கிபரெலின் கூடினால் இலிக்னினும் கூடும் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அது வளர்ந்த தண்டின் கதை. பத்து நாள் கன்றுக்குப் பொருந்தாது.

செய்ய வேண்டியது: விதை முளைத்து மேலே தெரிந்த அன்றே மூடிய வைக்கோலை எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் பிந்தினாலும் தண்டு நூலாகிவிடும். கிடுகைக் காலை ஒன்பது மணி வரையும் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகும் விலக்குங்கள். ஒரு கிழமை போனதும் உச்சி வெயிலுக்கும் கடும் மழைக்கும் மட்டும் மூடினால் போதும். நெருக்கமாக முளைத்திருந்தால் கன்றுக்குக் கன்று 2 சென்ரிமீற்றராவது இருக்கும்படி கலையுங்கள். பக்கத்துக் கன்றின் நிழலும் நிழல்தான். யூரியாவை நிறுத்துங்கள். பிடுங்கி நடுவதற்கு 7 முதல் 10 நாள் முன்பே பந்தலை முழுதாக எடுத்து, தண்ணீரையும் குறையுங்கள். கன்று மத்தியானம் சற்று வாடி, பின்னேரம் தானாக நிமிர வேண்டும். நிமிராவிட்டால் அளவுக்கு மீறிக் காயவிட்டீர்கள்.

காற்று பட்டுத் தண்டு அசைந்தால் எதிலீன் என்ற ஓமோன் சுரந்து, தண்டு கட்டையாகித் தடிக்கும். தக்காளி, கத்தரி நாற்றின் நுனியை மெல்லிய தடியால் நாளுக்குப் பத்து இருபது தரம் தடவிவிடுவதும் இதற்காகத்தான். மிளகாயில் செய்யாதீர்கள், குருத்து காயப்படும். எதிலும் இலை ஈரமாக இருக்கும்போது தடவினால் நோய்தான் பரவும்.

சாய்ந்த கன்றைப் பிடுங்கி அடியைப் பாருங்கள். மண்மட்டத்தில் நீர் கோத்து, நூலாக ஒடுங்கியிருந்தால் அது நாற்றழுகல். வெளிச்சம் மட்டும் அதற்கு மருந்தாகாது. அந்தக் கன்றுகளை மண்ணோடு அகற்றி, மேடையைக் காயவிடுங்கள்.

கேள்வி: இலிக்னின் படிந்திருப்பதைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் பார்க்க முடியுமா?
– உயர்தர மாணவி, சுன்னாகம்

பதில்: முடியும். தண்டைச் சவர அலகால் கண்ணாடிபோல மெல்லியதாகக் குறுக்கே சீவி, மதுசாரத்தில் கரைத்த புளோரோகுளுசினோல் என்ற சோதனைப் பொருளில் சில நிமிடம் வையுங்கள். பிறகு ஒரு துளி செறிந்த ஐதரோகுளோரிக் அமிலம். இலிக்னின் உள்ள இடம் செவ்வூதாவாகும். நிழலில் நின்ற கன்றில் அங்கங்கே சிவப்புப் பொட்டுகள், வெயிலில் நின்றதில் தடித்த காழ். நிறம் விரைவில் மங்கும், உடனே படம் எடுங்கள். ஆசிரியர் பக்கத்தில் நிற்கட்டும், அமில ஆவி நுணுக்குக்காட்டியின் வில்லையையும் கெடுக்கும்.

கேள்வி: பிந்திக் கிண்டிய பனங்கிழங்கு ஏன் தும்பாக இருக்கிறது?
– வாசகி, பருத்தித்துறை

பதில்: கிழங்கு என்று நாம் தின்பது பனை நாற்றைத்தான். பாத்தியில் மூன்று நான்கு மாதம் கழிந்தால் குருத்தோலை மேலே வரத் தொடங்கும். சேர்த்த மாப்பொருள் அதற்குச் செலவாகும், நார்களில் இலிக்னின் ஏறும். இலிக்னின் அவித்தாலும் கரையாது. குருத்தோலை விரிய முன் கிண்டுங்கள்.