குதிகால் தரையில் படுகிறதா? – வாசகர் கேள்விகளுக்கு இயன்முறை மருத்துவரின் பதில்கள்

உயரம் கூட்டுவதற்காகக் கால் எலும்பை வெட்டி, வெட்டிய முனைகளை நாள்தோறும் சிறிது சிறிதாக விலக்கி நீட்டிக்கொள்ளும் அறுவை சிகிச்சையைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிகிச்சையை முடித்துக்கொண்டு வீட்டில் படுத்திருப்பவர்களும், அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர்களும் எழுதியவை என்பதால், இந்த மாதப் பக்கங்களை அவர்களுக்கே ஒதுக்குகிறேன். விபத்தில் எலும்பு சிதைந்து, காலைச் சுற்றி வெளியே நின்று கம்பிகளால் எலும்பைப் பிடிக்கும் இலிசரோவ் வளையத்தைப் பூட்டிக்கொண்டவர்களை நடக்க வைப்பதே என் வேலையில் பெரும்பகுதி; அழகுக்காகச் செய்துகொண்டவர்களுக்கும் அதே எலும்பு, அதே தசை, அதே வலிதான்.

கேள்வி: எனக்கு வயது 26. இரண்டு மாதங்களுக்கு முன்பு இஸ்தான்புல்லில் இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே எலும்பை வெட்டி, உள்ளே ராடும் வெளியே வளையமும் பொருத்தினார்கள். 6 செ.மீ. கூட்டுவது திட்டம், 4.2 செ.மீ. வந்துவிட்டது. பத்து நாள்களாக வாக்கரைப் பிடித்து நின்றால் குதிகால் தரையில் படுவதில்லை. அங்குள்ள ஒருங்கிணைப்பாளர், "தொடர்ந்து திருகுங்கள், பிறகு சரியாகிவிடும்" என்று செய்தி அனுப்புகிறார். இன்னும் 18 மி.மீ.தான் பாக்கி. தொடரலாமா? – ஒரு வாசகர், சேலம்

பதில்: இந்த முடிவை எடுக்க வேண்டியவர் ஒருங்கிணைப்பாளர் அல்லர். உங்களுக்கு அறுவை செய்த மருத்துவரிடம் இன்றே நேரடியாகப் பேசுங்கள். அவர் கிடைக்காவிட்டால் இலிசரோவ் முறையில் பழக்கமுள்ள எலும்பு மருத்துவர் ஒருவரை இங்கேயே பாருங்கள். வேகத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டிய கட்டத்துக்கு நீங்கள் வந்துவிட்டீர்கள் என்பதே உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது.

காரணத்தைச் சொல்கிறேன். சைபீரியாவின் குர்கான் நகரத்தில் 1950-களில் இந்த முறையை உருவாக்கிய கவ்ரீல் இலிசரோவ், எலும்பை எந்த வேகத்தில் பிரித்தால் இடைவெளியில் புதிய எலும்பு நன்றாக வளரும் என்று நாய்களிடம் சோதித்துப் பார்த்தார். ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டர் என்றால் எலும்பு முன்கூட்டியே கூடிவிட்டது. 2 மில்லிமீட்டர் என்றால் எலும்பு சரியாக உருவாகவில்லை, சுற்றியுள்ள திசுக்களும் பாதிக்கப்பட்டன. ஒரு மில்லிமீட்டரே பொருத்தமாக இருந்தது. அதையும் ஒரே மூச்சில் நீட்டாமல் கால் மில்லிமீட்டர் வீதம் நான்கு முறையாகப் பிரித்தால் உடல் தாங்கிக்கொண்டது. உங்கள் வளையத்தில் ஒரு நாளைக்கு நான்கு முறை கேட்கும் அந்த "டிக்" ஓசை அந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். ஆனால் அந்தக் கணக்கு எலும்புக்குப் பொருந்துவதைப் போலக் கெண்டைக்கால் தசைக்குப் பொருந்துவதில்லை. எலும்பு இடைவெளியைக் கண்டால் நிரப்பிக்கொள்ளும்; தசையோ நாள்தோறும் பல மணி நேரம் இழுத்துப் பிடித்துப் பழக்கினால்தான் நீளும், பழக்காவிட்டால் குதிகாலை மேலே தூக்கிக்கொள்ளும். குதிரையின் குளம்பைப் போல முன்பாதத்தில் மட்டும் நிற்கும் இந்த நிலையைப் பலர் நீட்டிப்பு முடிந்த பிறகு கவனிக்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். அதற்குள் மூட்டே இறுகிவிடுவதால், பிறகு தசைநாணை வெட்டி நீட்டும் இன்னோர் அறுவைக்குப் போக நேர்கிறது; அப்படி நீட்டிய கால் நடக்கும்போது தரையை உந்தித் தள்ளும் வலுவில் ஒரு பங்கை இழக்கிறது.

என் நோயாளிகளின் வீட்டாருக்கு நான் சொல்லிக்கொடுக்கும் ஒரு சோதனை இருக்கிறது. காலையில் பயிற்சிக்கு முன்பாக, முழங்காலை நேராக வைத்து வாக்கரைப் பிடித்து நில்லுங்கள். இன்னொருவர் குனிந்து ஒரு தாளைக் குதிகாலுக்கு அடியில் செருகிப் பார்க்கட்டும். தாள் மாட்டிக்கொண்டால் அன்றைக்குக் கவலையில்லை. தாள் தடையில்லாமல் உள்ளே போனால் அடுத்து விரலை வைத்துப் பார்த்து, எத்தனை விரல் இடைவெளி என்று நாள்காட்டியில் தேதிக்கு நேராகக் குறித்துவையுங்கள். ஒரு விரல் இரண்டு விரலாகும் வாரத்தில் மருத்துவர் வேகத்தை முக்கால் மில்லிமீட்டராகவோ அரை மில்லிமீட்டராகவோ குறைப்பார், சில நாள்கள் நிறுத்துவார், தேவைப்பட்டால் சில மில்லிமீட்டர் பின்னுக்கும் திருப்புவார். நீங்களாகவே வாரக்கணக்கில் நிறுத்திவிடவும் கூடாது. எலும்பு கூடிவிட்டால் மறுபடி வெட்டாமல் தொடர இயலாது.

பயிற்சியைப் பொறுத்தவரை, கெண்டைக்காலின் பெரிய தசை முழங்காலையும் கணுக்காலையும் சேர்த்துத் தாண்டிச் செல்வதால், முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டு பாதத்தை இழுப்பது அந்தத் தசைக்குப் போய்ச் சேராது. காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் மாட்டி, இரு கைகளாலும் உங்களை நோக்கி இழுத்து அரை நிமிடம் பிடியுங்கள். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் சில முறை செய்யுங்கள். முழங்காலைச் சற்றே மடக்கிச் செய்வது உள்ளே இருக்கும் இன்னொரு தசைக்கு; அதையும் விடாதீர்கள். இரவில் பாதத்தை 90 பாகையில் நிறுத்தும் ஸ்பிளிண்ட் இல்லாமல் தூங்கினால், பகலில் நீங்கள் பட்ட பாடு முழுவதும் விடிவதற்குள் வீணாகிவிடும்.

ஒரே ஓர் அறிகுறிக்கு மட்டும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பாதத்தின் மேற்புறம் மரத்துப்போனாலோ, கட்டைவிரலை மேலே தூக்க முடியாமல் போனாலோ, நரம்பு இழுபடுகிறது என்று பொருள். அடுத்த திருகலைச் செய்யாமல் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. நீட்டிப்பு முடிந்ததும் ராடின் மறுமுனையை ஸ்குரூ போட்டுப் பூட்டிவிட்டு வளையத்தைக் கழற்ற வேண்டும். அதுவும் ஓர் அறுவைதான். அதை யார், எந்த ஊரில் செய்யப்போகிறார்கள் என்று இப்போதே முடிவுசெய்து, அறுவைக் குறிப்பையும் ராடின் தயாரிப்பு, அளவு விவரங்களையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 4.2 செ.மீ.யில் நிறுத்தி, தரையில் பதியும் பாதத்தோடு நீங்கள் எழுந்து நடப்பதைப் பார்க்கவே நான் விரும்புகிறேன்.

கேள்வி: என் மகன் எங்களிடம் சொல்லாமலேயே இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டு வந்துவிட்டான். மூன்று மாதமாகிறது. இரவில் வலியில் அழுகிறான். சில நாள்கள் யாரிடமும் பேசுவதில்லை. உறவினர்கள் புத்தூர் கட்டுக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்கள். நான் எண்ணெய் தேய்த்துவிடலாமா? என்ன சாப்பாடு கொடுக்க வேண்டும்? – ஒரு தாய், திருநெல்வேலி

பதில்: அம்மா, உங்கள் மகன் சொல்லாமல் போனது உங்களை எவ்வளவு வருத்தியிருக்கும் என்பது கடிதத்தின் எழுத்திலேயே தெரிகிறது. 2016-இல் ஹைதராபாதில் 22 வயது இளைஞர் ஒருவர் வீட்டுக்குத் தெரியாமல் இதைச் செய்துகொண்டதும், பெற்றோர் மருத்துவமனைக்குப் போய்ப் போராடியதும் நாளிதழ்களில் பெரிய செய்தியாக வந்தன. ஏன் செய்தாய் என்ற கேள்வியை அவன் எழுந்து நடக்கும் வரை தள்ளிவையுங்கள். இந்த மாதங்களில் அவனுக்கு வேண்டியது உங்கள் கையின் உதவி.

புத்தூர் கட்டு வேண்டாம். எண்ணெய் தேய்த்து அழுத்திவிடுவதும் வேண்டாம். வெட்டப்பட்ட இரு முனைகளுக்கும் நடுவில் இப்போது இருப்பது முற்றாத, இளம் எலும்பு. வெளியிலிருந்து இறுக்கிக் கட்டினாலோ அழுத்தி நீவினாலோ அது வளைந்துவிடக்கூடும். அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. நெடுநாள் படுத்திருப்பவர்களின் கால் இரத்தக் குழாயில் இரத்தம் கட்டியாக உறைந்திருக்கலாம். அதைத் தேய்த்து நகர்த்திவிட்டால் நுரையீரலுக்குப் போய் உயிரையே எடுத்துவிடும். ஒரு காலின் கெண்டைப் பகுதி மட்டும் திடீரென வீங்கிச் சூடானால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்; மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.

உணவில் புரதம் குறையக் கூடாது. முட்டை, மீன், பயறு, பால், கேழ்வரகு, முருங்கைக்கீரை என்று நம் வீட்டுச் சமையலிலேயே வேண்டியவை இருக்கின்றன. வைட்டமின் டி அளவை இரத்தப் பரிசோதனையில் பார்த்து, குறைவாக இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை கொடுங்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளில் சில, புதிய எலும்பு உருவாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால் பல மருத்துவர்கள் அவற்றைத் தவிர்க்கிறார்கள்; எழுதிக்கொடுத்ததை மட்டும் கொடுங்கள். மகன் புகைபிடிப்பவன் என்றால், எலும்பு கூடும் வரையாவது ஒன்றுகூடப் பிடிக்கக் கூடாது என்று அவனிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

பேசாமல் இருக்கிறான் என்று எழுதியிருப்பதுதான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. மாதக்கணக்கில் தூக்கமில்லாமல், பிறர் தூக்கிவிட்டால்தான் எழ முடியும் என்ற நிலையில் கிடப்பவர்களுக்கு மனச்சோர்வு வருவது இயல்பு. அது வீம்பு அன்று. அதற்கும் மருத்துவம் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அவன் பேச மறுத்தால், முதலில் நீங்கள் பேசுங்கள்.

கேள்வி: வளையத்தின் கம்பி தோலுக்குள் நுழையும் இடத்தில் மஞ்சளாக நீர் கசிகிறது. மஞ்சள்தூள் வைக்கலாமா? – ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: வைக்கக் கூடாது; பவுடரும் களிம்பும்கூட நீங்களாக வைக்க வேண்டாம். நடந்த அன்று தெளிந்த நீர் சிறிது கசிவது வழக்கமானதே. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மருத்துவமனையில் சொன்ன திரவத்தால் ஒவ்வொரு துளைக்கும் தனித்தனிப் பஞ்சு எடுத்துத் துடையுங்கள். நீர் கெட்டியாகிச் சீழானாலோ, சுற்றிலும் சிவந்து காலை ஊன்றும்போது அந்த இடம் மட்டும் வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ ஆன்டிபயாடிக் தேவைப்படும். தொடக்கத்திலேயே போனால் மாத்திரையோடு முடிந்துவிடும்.

கேள்வி: இரண்டு தொடைகளிலும் காந்தத்தால் நீளும் ராடு வைத்து 6.5 செ.மீ. நீட்டி முடித்து ஒரு மாதமாகிறது. இதே போன்ற ராடு வைத்த ஒருவர் முதல் வாரத்திலேயே முழு எடையையும் ஊன்றி நடந்ததாகச் சொல்கிறார். எனக்கு மட்டும் ஏன் ஊன்றுகோல்? நடை வாத்து நடையாக இருக்கிறது, நிலைக்குமா? – ஒரு வாசகர், சென்னை

பதில்: எடையைத் தாங்கும் என்று 2018-இல் வந்த எஃகு ராடு ஒன்று உண்டு, உலோகம் அரிப்பதும், ராடைச் சுற்றிய எலும்பில் மாற்றங்களும் தெரியவந்ததால் 2021-இல் அது திரும்பப் பெறப்பட்டது. உங்கள் நண்பருக்கு அதை வைத்திருக்கலாம். உங்களுடையதைப் போன்ற டைட்டானியம் ராடு அந்த அளவு எடையைத் தாங்காது. அவசரப்பட்டு ஊன்றினால் ராடு வளையும் அல்லது ஒடியும். நேராகவும் பக்கவாட்டிலும் எடுக்கும் இரண்டு எக்ஸ்ரேக்களிலும் எலும்பின் நான்கு ஓரங்கள் தெரியும். அவற்றில் குறைந்தது மூன்று, இடைவெளியைத் தாண்டிக் கூடியிருந்தால்தான் பொதுவாக ஊன்றுகோலை விடச் சொல்வார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மாதம், சிலருக்கு ஒன்றரை மாதம் என்று கணக்கிட்டால் உங்களுக்கு இன்னும் சில மாதங்கள் தேவைப்படும். ராடு உள்ளே இருக்கும்வரை, உடலின் எந்தப் பகுதிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னாலும் காந்த ராடு இருப்பதை முதலில் தெரிவியுங்கள்.

வாத்து நடைக்கு இரண்டு காரணங்கள். இடுப்பின் பக்கவாட்டுத் தசை வலுவிழந்திருக்கிறது. இடுப்பின் முன்பக்கத் தசையும் தொடையின் வெளிப்புறத்தில் ஓடும் பட்டையும் இறுகி, இடுப்பை முன்னோக்கிச் சாய்த்துவிட்டன. நாள்தோறும் இரண்டு மூன்று வேளை, அரை மணி நேரம் குப்புறப் படுங்கள். வலிக்கு இதமாக இருக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். மடங்கிய முழங்கால் அப்படியே இறுகிவிடும். ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்கும் பயிற்சியை உங்கள் இயன்முறை மருத்துவர் அனுமதித்ததும் தொடங்குங்கள். விடாமல் செய்தவர்களில் பெரும்பாலோருக்கு நடை திருந்துவதை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் வாரங்களில் அன்று, மாதங்களில். சம்மணமிட்டு உட்காருவதும் இந்தியக் கழிப்பறையில் குந்துவதும் இப்போதைக்கு வேண்டாம்.

கேள்வி: என் உயரம் 166 செ.மீ. காவலர் தேர்வுக்கு 170 செ.மீ. வேண்டும். 4 செ.மீ. நீட்டிக்கொண்டால் எத்தனை மாதத்தில் ஓட முடியும்? – ஒரு வாசகர், தருமபுரி

பதில்: எலும்பு கூடி, ஊன்றுகோலை விட்டு, தசை வலுப்பெற்று மெதுவாக ஓடத் தொடங்கவே ஏறத்தாழ ஓர் ஆண்டு ஆகும், ராடை எடுக்கும் அறுவையும் அதன் பின்னான ஓய்வும் தனி. தேர்வில் கேட்கப்படுவது 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் கடக்கும் ஓட்டம். நீட்டப்பட்ட கால்கள் பழைய வேகத்துக்கு முழுமையாகத் திரும்பும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. மருத்துவப் பரிசோதனையில் தழும்புகளையும் மறைக்க இயலாது. தோட்டத்தை அடகு வைத்துச் செய்யலாமா என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், தம்பி. குரூப் 4 தேர்வின் இளநிலை உதவியாளர் பணிக்கு உயர வரம்பு கிடையாது; காவல் துறை அலுவலகங்களிலும் அந்தப் பணியிடங்கள் இருக்கின்றன. அதற்குப் படிக்கத் தொடங்குங்கள். அதிகாலை ஓட்டத்தையும் விட்டுவிடாதீர்கள்.