சிறப்புக் கல்வி எப்படித் தொடங்கியது? மாற்றுத்திறனாளிகளைச் சமூகம் பார்க்கும் விதம் உண்மையிலேயே மாறியிருக்கிறதா?

சிறப்புக் கல்வியின் வரலாறு முழுவதையும் ஒரே பதிலில் சொல்லிவிட முடியாது. பார்வையற்றோர் கல்வி ஒரு கதை, அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளின் கல்வி இன்னொரு கதை. எனக்கு நெருங்கித் தெரிந்தது காது கேளாதோர் கல்வி. என் தம்பிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அவனுக்காகப் படிக்க ஆரம்பித்தது இது. உங்கள் இரண்டாவது கேள்விக்கான பதிலும் இதற்குள்ளேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். பார்வை மாறியிருக்கிறது, ஆனால் ஒரே திசையில் முன்னேறி வரவில்லை. நன்றாக முன்னேறிய பிறகு பல பத்து வருடங்கள் பின்னால் போய்த்தான் மறுபடி திரும்பியது.

பழைய காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனுஸ்மிருதி பிறவிச் செவிடருக்கும் ஊமைக்கும் சொத்தில் பங்கில்லை என்றது. சோறும் துணியும் கொடுத்தால் போதும் என்றது. இது ஏதோ புராண காலத்துச் சங்கதி என்று தள்ளிவிட வேண்டாம். இந்து வாரிசுரிமையில் இந்த வகைத் தடைகளை நீக்க 1928இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. ஐரோப்பாவிலும் நிலைமை பெரிதாக வேறில்லை. 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் பெத்ரோ போன்சே தெ லெயோன் என்ற துறவி காது கேளாத பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கவும் பேசவும் கற்றுக்கொடுத்தார். ஆனால் அவரிடம் படித்தவர்கள் பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகள்.

ஏழைப் பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் என்ற எண்ணம் வந்தது 1760 வாக்கில், பாரிஸில். சார்ல்-மிஷெல் தெ லெப்பே என்ற பாதிரியார் காது கேளாத இரண்டு சகோதரிகளைச் சந்தித்தார். இருவரும் தங்களுக்குள் கைகளால் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மொழியில்லை என்று முடிவு கட்டாமல், அவர்களிடம் இருப்பதை முதலில் நான் கற்றுக்கொள்கிறேன் என்று உட்கார்ந்தார் பாருங்கள், இந்த வரலாற்றிலேயே நான் மிகவும் மதிக்கும் காரியம் அதுதான். அந்தச் சைகைகளோடு தானாகச் சிலவற்றையும் சேர்த்து, கட்டணம் வாங்காமல் பாடம் நடத்தினார். அவர் தொடங்கிய பள்ளியில் பின்னாளில் படித்த லோரான் கிளார்க் அங்கேயே ஆசிரியரானார். அவருக்கும் காது கேட்காது. தாமஸ் கலாடெட் என்ற அமெரிக்கர் அவரைக் கப்பலில் அழைத்துப் போனார். 1817இல் ஹார்ட்ஃபர்டில் அமெரிக்காவின் முதல் நிரந்தரக் காது கேளாதோர் பள்ளி தொடங்கியது. 1870 வாக்கில் அமெரிக்கக் காது கேளாதோர் பள்ளி ஆசிரியர்களில் சுமார் 40 சதவீதம் பேர் தாங்களே காது கேளாதவர்கள்.

அதே காலத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் மார்த்தாஸ் வினியார்டு என்ற தீவில் பரம்பரையாகவே காது கேளாமை அதிகம். சில்மார்க் என்ற ஊரில் 25 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இருந்தது. அங்கே காது கேட்பவர்களுக்கும் சைகை மொழி தெரியும். மீன்பிடியோ விவசாயமோ ஊர்க்கூட்டமோ, எல்லோரும் கலந்தே இருந்தார்கள். ஊரே ஒரு மொழியைக் கற்றுக்கொண்டபோது காது கேளாமை ஒரு விஷயமாகவே இல்லாமல் போயிற்று. பார்வை மாறுவது என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தத் தீவைத்தான்.

பிறகு வந்தது 1880 செப்டம்பர். இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கான சர்வதேச மாநாடு கூடியது. 160க்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் வந்தார்கள். ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள். வாய்ப்பேச்சுதான் உயர்ந்தது, சைகையைக் கலந்தால் பேச்சும் கெடும் சிந்தனையும் கெடும், ஆகவே தூய வாய்மொழி முறையையே பின்பற்ற வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அமெரிக்கப் பிரதிநிதிகள் எதிர்த்தும் பலிக்கவில்லை. மற்றவர்களுக்குப் புரியும்படி பிள்ளை பேச வேண்டும் என்ற ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் அம்மாவுக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் அந்த ஆசைக்காக ஒரு பிள்ளையின் கையைக் கட்டிப்போடும் முடிவை, அந்தக் கை யாருக்கு வாயாக இருந்ததோ அவர்களைக் கேட்காமலே எடுத்தார்கள்.

விளைவு பெரிது. பள்ளிகளில் சைகை தடை செய்யப்பட்டது. காது கேளாத ஆசிரியர்களால் பேச்சுப் பயிற்சி தர முடியாது என்பதால் அவர்கள் வேலை போயிற்று. நான் மேலே சொன்ன 40 சதவீதம் முதல் உலகப் போர் முடியும்போது சுமார் 15 சதவீதமாகிவிட்டது. தொலைபேசிக்குப் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல் இதில் தீவிரமாக இருந்தார். அவருடைய அம்மாவுக்கும் மனைவிக்கும் காது கேட்காது. அப்படியிருந்தும் 1883இல், காது கேளாதவர்கள் தங்களுக்குள் திருமணம் செய்துகொண்டால் காது கேளாத ஒரு தனி இனமே உருவாகிவிடும் என்று அமெரிக்க அறிவியல் அகாதமியில் கட்டுரை வாசித்தார். அன்பில்லாமல் அவர் அப்படிப் பேசவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் வருத்தம்.

இந்தியாவில் காது கேளாதோர் பள்ளிகள் பிறந்ததே மிலானுக்குப் பிறகுதான். 1885இல் பம்பாய், 1893இல் கல்கத்தா, அதே 1890களில் நம் பாளையங்கோட்டையில் மிஷனரி ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் தொடங்கிய பள்ளி. பெண்கள் பள்ளிக்கூடம் போவதே அரிதாயிருந்த காலத்தில் இப்படிப்பட்ட பள்ளிகள் திறந்து வைத்த கதவு சின்னதல்ல. ஆனால் வாய்மொழிதான் சரி என்ற எண்ணம் உலகத்தையே பிடித்திருந்த காலம் அது. இந்தியாவிலும் அது ஆழமாக வேரூன்றியது.

எங்கள் வீட்டுக்கு அது 1990களில் வந்து சேர்ந்தது. தம்பியைப் பரிசோதித்த இடத்தில் அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்கள்: "கையைக் காட்டாதீங்க, அப்புறம் பேச்சே வராது." மார்பில் வார் வைத்துக் கட்டும், பெட்டி மாதிரியான காது மெஷின், அதற்குப் பென்சில் செல், காதுக்கு ஒயர். வாய்க்கு முன்னால் மெல்லிய காகிதத்தைப் பிடித்து 'ப' சொல்ல வைப்பார்கள். காகிதம் ஆட வேண்டும். 'ம' என்றால் மூக்கில் விரல் வைத்து அதிர்வைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தொண்டையில் கை, கண்ணாடி முன்னால் நாக்கு. சொல்லிக்கொடுத்தவர்கள் பொறுமைசாலிகள். ஆனால் உதட்டைப் பார்த்தால் 'பாடு' என்பதும் 'மாடு' என்பதும் ஒன்றுதான். 'க' தொண்டைக்குள்ளேயே முடிந்துவிடும், வெளியே தெரியாது. ஏற்கெனவே ஒரு மொழி தெரிந்தவர் உதட்டைப் படித்து ஊகிக்கலாம். மொழியே இன்னும் அமையாத குழந்தை எதை வைத்து ஊகிக்கும்?

பிறகு காது கேளாதோர் விடுதிப் பள்ளியில் சேர்த்தோம். வகுப்பில் அங்கேயும் வாய்ப்பேச்சுதான். ஆனால் விடுதியில் பெரிய பையன்கள் சின்னப் பையன்களோடு கையால் பேசினார்கள். முதல் வருட விடுமுறைக்கு வந்தவன் எங்கள் எல்லோருக்கும் சைகையில் பெயர் கொண்டுவந்தான். அப்பாவுக்கு மீசை முறுக்கு. எனக்குப் புருவத்தில் இருக்கும் வெட்டுத் தழும்பு. ஆச்சிக்கு, காது மடலில் தொங்கும் பாம்படம். அதுவரை எங்களில் யாரைப் பற்றியும், அவர் எதிரில் இல்லாதபோது, அவனால் எதுவும் கேட்க முடிந்ததில்லை. வந்த இரண்டாம் நாள் பாம்படத்தைக் காட்டி, "எங்கே?" என்று கேட்டான். ஆச்சி சந்தைக்குப் போயிருந்தாள்.

ஆசிரியர்கள் சொல்லித்தராத ஒரு மொழியைப் பிள்ளைகளே கைமாற்றிக் காப்பாற்றியது எங்கள் ஊர் அதிசயம் மட்டுமல்ல. நிகராகுவாவில் 1970களின் கடைசியில் காது கேளாத பிள்ளைகளை முதல்முறையாகப் பெரிய எண்ணிக்கையில் ஒரே இடத்தில் சேர்த்தார்கள். ஆசிரியர்கள் ஸ்பானிய உதட்டசைவைக் கற்பிக்க முயன்றார்கள்; அது ஏறவில்லை. ஆனால் விளையாட்டுத் திடலிலும் பள்ளிப் பேருந்திலும் அந்தப் பிள்ளைகள் ஒரு புது மொழியையே உண்டாக்கினார்கள். 1986இல் அங்கே போன ஜூடி கெக்ல் என்ற மொழியியலாளர், சின்ன வயதில் வந்த பிள்ளைகள் மூத்தவர்களைவிட முழுமையான இலக்கணத்தோடு சைகை செய்வதைக் கவனித்தார்.

திருப்பம் 1960இல் தொடங்கியது என்று சொல்லலாம். அமெரிக்காவில் காது கேளாதோருக்கென்றே இருக்கும் கலாடெட் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த வில்லியம் ஸ்டோக்கி, அமெரிக்கச் சைகை மொழிக்குத் தனக்கென்று அமைப்பு உண்டு, அது ஆங்கிலத்தின் சைகை வடிவம் அல்ல என்று எழுதிக் காட்டினார். உடன் வேலை செய்தவர்களே முதலில் ஏற்கவில்லை. 1988 மார்ச்சில் அதே கலாடெட் பல்கலைக்கழகத்துக்கு மறுபடியும் காது கேட்கும் ஒருவரைத் தலைவராக நியமித்தபோது மாணவர்கள் வளாகத்தையே மூடிப் போராடினார்கள். ஒரு வாரத்தில் ஐ. கிங் ஜோர்டன் தலைவரானார். 1864இல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்டு உயர்கல்வி நிறுவனமான இடம் அது. காது கேளாத முதல் தலைவர் வர 124 வருடம் ஆயிற்று. 2010இல் வான்கூவரில் கூடிய அதே சர்வதேச மாநாடு மிலான் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. 130 வருடம் கழித்து.

நம் நாட்டில் 1995 சட்டத்தைவிட 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறையத் தெளிவானது. சைகை மொழி தெரிந்த ஆசிரியர்களை, மாற்றுத்திறன் கொண்ட ஆசிரியர்களையும் சேர்த்து, நியமிக்க வேண்டும் என்று சொல்கிறது. 2015இல் டெல்லியில் இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் அமைந்தது. 2018இல் 3,000 சொற்களோடு வந்த அதன் அகராதி 2021இல் 10,000 சொற்களாக வளர்ந்தது. இதெல்லாம் நிஜமான மாற்றம்.

ஆனால் இன்னும் மாறாததையும் சொல்ல வேண்டும். காது கேளாத மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு உண்டு. தம்பி ஆங்கிலம் எழுதவில்லை. அன்று அது நிம்மதியாக இருந்தது. கல்லூரிக்குப் போனதும் புத்தகம் எல்லாம் ஆங்கிலம். பிள்ளைக்குப் புரியும் மொழியில் கற்பிக்காமல் விட்டுவிட்டு, கடைசியில் பரீட்சையை எடுத்துவிடுவதை நான் சலுகையாகப் பார்க்கவில்லை. வழக்கமான பள்ளியில் சேர்ப்பதும் அப்படித்தான். சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பல பள்ளிகளைச் சுற்றி வரும் ஒரு சிறப்பாசிரியர் எப்போதாவது வருவார், மற்ற நேரமெல்லாம் கரும்பலகையிலிருப்பதைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளை. உள்ளே உட்கார வைத்தாயிற்று, பேச ஆளில்லை. தெருவில் இன்னும் "ஊமையன் வீடு" என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள்.

காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறக்கிறவர்கள். ஆகவே இந்தக் கேள்வியைப் படிக்கும் யாராவது புதிதாக அந்த நிலையில் இருக்கலாம். காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது அறுவை செய்து உள்காதில் பொருத்தும் கேட்கும் கருவி பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். தமிழ்நாட்டில் சின்னக் குழந்தைகளுக்கு அரசுக் காப்பீட்டிலேயே செய்கிறார்கள். ஆனால் அதற்காகக் காத்திருக்கும் காலத்திலும், அது முடிந்த பிறகும், சைகையை நிறுத்தாதீர்கள். சைகை கற்றால் பேச்சு வராது என்பது மிலானிலிருந்து வந்த பயம். ஆராய்ச்சி அதை உறுதிப்படுத்தவில்லை. முதல் மொழி அமையாமலே ஐந்தாறு வயது கடந்துவிட்டால்தான் பிறகு எந்த மொழியும் முழுதாக வருவது கஷ்டம். டெல்லி மையத்தின் அகராதிக் காணொளிகள் யூட்யூபில் இலவசமாக இருக்கின்றன. உங்கள் மாவட்டத்தில் காது கேளாதோர் சங்கம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய், அங்கே வளர்ந்தவர்களோடு உட்காருங்கள். டாக்டரிடம் கேட்காத பல கேள்விகளுக்கு அவர்கள் பதில் சொல்வார்கள்.