சாணத்தில் வண்டு ஓடுகிறதே?

வணக்கம் ஐயா,

குடற்புழு மருந்து கொடுத்த மாடுகளின் சாணத்தில் சாணவண்டுகள் அழிகின்றன என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் மாடுகளுக்கு ஐவர்மெக்டின் ஊசி போட்ட நான்காம் நாள் சாணத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். பத்துப் பதினைந்து வண்டுகள் நன்றாகவே ஓடின. ஒன்றுகூடச் செத்துக் கிடக்கவில்லை. மிகைப்படுத்திவிட்டீர்களோ? நீங்கள் சொல்வது உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், மருந்து போடாமல் மாட்டைச் சாகவிடவா முடியும்?

க.

அன்புள்ள க.,

குச்சியோடு போய்க் கிளறிப் பார்த்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. இந்தக் கட்டுரைக்காக என்னைத் திட்டியவர்களில் பலர் சாணத்தின் பக்கமே போயிருக்கமாட்டார்கள்.

நீங்கள் கண்டது சரி. அதிலிருந்து எடுத்த முடிவுதான் சரியில்லை.

ஐவர்மெக்டினில் பெரும்பங்கு வீரியம் குறையாமலே சாணத்தோடு வெளியேறுகிறது. ஊசி போட்ட முதல் சில நாட்களில் அதன் அளவு உச்சத்துக்குப் போய், அடுத்த சில வாரங்களில் மெல்ல இறங்கும். குடற்புழுவின் நரம்பிலும் தசையிலும் உள்ள குளோரைடு வாயில்களை (குளோரைடு என்ற உப்பு அயனிகள் புகும் நுண்ணிய வழிகளை) திறந்துவைத்து அதை முடக்கிப்போடுவது இந்த மருந்தின் வேலை. அதே வகை வாயில்கள் பூச்சிகளுக்கும் உண்டு. பேனும் சேர்ந்து ஒழியும் என்றுதானே இதை விரும்பி வாங்குகிறோம்? சாணம் தரையில் விழுந்த பிறகும் அந்தக் குணம் போய்விடுவதில்லை.

வளர்ந்த வண்டு இந்த அளவுக்கெல்லாம் பெரும்பாலும் சாவதில்லை. மருந்து கலந்த சாணம் என்று அது ஒதுங்குவதும் இல்லை. சில ஆய்வுகளில் அந்தச் சாணத்துக்கே கூடுதல் வண்டுகள் வந்திருக்கின்றன. ஆகவே நீங்கள் எண்ணியது விருந்துக்கு வந்தவர்களை. சாவு நிகழ்வது கீழே, உங்கள் குச்சி எட்டாத இடத்தில்.

சுரங்கம் தோண்டும் வகைகளில் தாய்வண்டு சாணத்துக்கு அடியிலேயே மண்ணைக் குடைந்து, சாணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்து உருண்டையாக அமுக்கி, அதில் ஒரே ஒரு முட்டை வைத்து மூடிவிடுகிறது. பொரிந்து வரும் இளம்புழுவுக்கு அந்த உருண்டைதான் வீடு, அதுதான் உணவு. கூட்டுப்புழுவாகும்வரை அதையே உள்ளிருந்து சுரண்டித் தின்னவேண்டும். வேறு உருண்டை தேடிப் போக வழி கிடையாது. தாய் கட்டிவைத்த கட்டுச்சோற்றிலேயே நஞ்சு. அடுத்த தலைமுறை வெளியே வராதபோதுதான் நமக்குத் தெரியும். அப்போதும் பழியை மழையின்மேல் போட்டுவிடுவோம்.

தாய்க்கும் முழு விடுதலை இல்லை. ஐவர்மெக்டின் உட்கொண்ட வண்டுகளுக்கு மோப்பத்திறன் மங்குவதையும் நடை தளர்வதையும் ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். சாணத்தை மணம் பிடித்தே வாழும் உயிருக்கு இது சின்னக் குறை அல்ல. அதே 2015இல்தான் இந்த மருந்துக்கு வழிவகுத்த ஓமுராவுக்கும் காம்ப்பெல்லுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மனிதர்களின் ஆற்றுக்குருட்டு நோயை மட்டுப்படுத்திய மருந்துக்கு அது தகும். நான் அதன் எதிரி அல்ல.

மாட்டைச் சாகவிடச் சொல்லவில்லை. மந்தை முழுவதற்கும் நாள் குறித்துப் போடுவதைத்தான் எதிர்க்கிறேன். சாணத்தில் புழு முட்டைகளை எண்ணிப் பார்த்து, தேவைப்படும் மாட்டுக்கு மட்டும் போடலாம். மருந்துக்கு மசியாத புழுக்கள் பெருகுவதும் தாமதமாகும். குடற்புழு மட்டும்தான் தொல்லை என்றால் பென்சிமிடசோல் வகைக் குடற்புழு மருந்துகளைப் பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். வண்டுகளுக்கு அவற்றால் தீங்கு மிகக் குறைவு. ஐவர்மெக்டினேதான் வேண்டுமென்றால், வண்டுகள் முட்டையிடும் பருவத்தைத் தவிர்க்க முடியுமா என்றும் கேளுங்கள். போட்ட மாடுகளை முதல் இரண்டு வாரமாவது தனியிடத்தில் மேய்த்தால், மற்ற மாடுகளின் சாணம் வண்டுகளுக்கு மிஞ்சும்.

இன்னொரு வேலையும் உங்களுக்கு வைக்கிறேன். ஊசி போட்டுச் சில நாட்களான மாட்டின் சாணம் ஒன்றுக்கும் போடாத மாட்டின் சாணம் ஒன்றுக்கும் அருகில் அடையாளக் குச்சி நட்டுவையுங்கள். மூன்று வாரம் கழித்து இரண்டின் அடியிலும் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் தோண்டி, கிடைக்கும் உருண்டைகளை உடைத்துப் பாருங்கள். உள்ளே நெளிகிற புழுக்களை எண்ணி எழுதுங்கள்.