2 மில்லி பால் போதுமா?

கேள்வி: மகளுக்கு 30 வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. பேரன் 1,100 கிராம். மூக்குக் குழாய் வழியாக 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை 2 மில்லி பால்தான் விடுகிறார்கள். பால் பவுடர் வாங்கித் தருகிறோம் என்றால், குடல் நோய் வரும் என்று மறுக்கிறார்கள். பிள்ளை பசியில் வாடாதா? சேனை தொட்டு வைக்கலாமா, உரைமருந்து கொடுக்கலாமா?
- தேவகோட்டை வாசகி

பதில்: பிள்ளை பட்டினி கிடக்கவில்லை ஆச்சி. இப்போதைக்கு அவனுக்கு வேண்டிய சத்து நரம்பு வழியாக ஏறிக்கொண்டிருக்கும். குழாயில் விடும் பால், குடலை வேலைக்குப் பழக்கத்தான். ஆரம்பத்தில் நாளைக்கு, எடையில் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி என்பது கணக்கு. உங்கள் பேரனுக்கு அதிகபட்சம் 22 மில்லி. 12 வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 2 மில்லிகூட வராது. செரித்துக்கொண்டால் தினமும் கிலோவுக்கு 20, 30 மில்லி என்று கூட்டுவார்கள்.

டாக்டர்கள் பயப்படுவது சும்மா இல்லை. குறைமாதப் பிள்ளையின் குடல் சுவர் இன்னும் முற்றவில்லை. கிருமி உள்ளே புகுந்தால் குடலில் ஒரு பகுதி வீங்கி அழுகி, சில சமயம் ஓட்டையே விழுந்துவிடும். இது பெரும்பாலும் பிறந்த உடனே வருவதில்லை. இரண்டாம், மூன்றாம் வாரத்தில், 'தேறிவிட்டான்' என்று எல்லோரும் மூச்சு விடும்போது வரும். வயிறு உப்பிப் பளபளப்பது, பச்சையாக வாந்தி, மலத்தில் ரத்தம், பிள்ளை துவண்டு மூச்சு விட்டுவிட்டு வாங்குவது ஆகியவை அடையாளங்கள். ஒன்றைக் கண்டாலும் நர்ஸிடம் சொல்லுங்கள். பாலை நிறுத்தி, ஆன்டிபயாடிக் போட்டு, எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். சிலருக்கு ஆபரேஷன் வரை போகும்.

இதைத் தடுக்கத் தாய்ப்பாலுக்கு இணையான மருந்து இல்லை. அது பற்றாவிட்டால் தாய்ப்பால் வங்கிப் பால், 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிக் கிருமி நீக்கியே தருவார்கள். பெரிய அரசு மருத்துவமனைகள் பலவற்றில் வங்கி உண்டு, கேளுங்கள். அதற்குப் பதில் பவுடர் பால் கொடுத்தால் இந்த நோய்க்கான வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு. கடைசி வழியாக டாக்டரே எழுதினால் அது வேறு விஷயம். பால் கூடிய பிறகு தாய்ப்பாலில் ஒரு சத்துப்பொடி கலப்பார்கள், அதைப் பவுடர் பால் என்று நினைத்துத் தடுத்துவிடாதீர்கள்.

சேனை, தேன், உரைமருந்து, கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். வசம்பை உரசுகிற கல்லை எத்தனை கழுவினாலும் அதில் கிருமி இருக்கும். பாரம்பரியத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, நிறைமாதப் பிள்ளைக்கும் இதையேதான் சொல்வேன்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? மகளைக் கவனியுங்கள். 2, 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரி உட்பட, நாளைக்கு 8 தடவையாவது பால் பீய்ச்ச வேண்டும். முதல் நாட்களில் நாலு சொட்டுதான் வரும். அந்தச் சீம்பால் சொட்டையும் வீணாக்காமல் கொதிக்க வைத்த பாத்திரத்தில் பிடித்துக் கொடுங்கள். கை கழுவாமல் தொடக் கூடாது. 'பால் இல்லை' என்று அவள் காதுபடப் பேசவே கூடாது. டாக்டர் அனுமதித்ததும் பிள்ளையை அவள் நெஞ்சோடு ஒட்டிப் படுக்க வைக்கட்டும். பால் சுரப்பு அதிலேயே கூடும். அவள் தூங்கும் நேரத்தில் நீங்களும் அணைத்துக்கொள்ளலாம்.