தழும்போரம் புதுக் கட்டி: 16 வருடம் கழித்தும் திரும்புமா?

உங்கள் தங்கைக்கு 13 வயதில் மார்பில் கட்டி எடுத்த தழும்போரம் இப்போது புதுக் கட்டி தட்டுகிறது, பழையதே திரும்புமா என்று கேட்டிருந்தீர்கள். திரும்பலாம். அன்று எடுத்தது செக்ரீட்டரி கார்சினோமா (secretory carcinoma, அரிதான ஒரு மார்பகப் புற்று) என்றால், "ஐந்து வருடம் தாண்டிவிட்டது, பயமில்லை" என்ற கணக்கு செல்லாது. மெதுவாக வளரும் ரகம் அது. இருபது வருடம் கழித்து அதே இடத்தில் தலைகாட்டியதும் உண்டு.

சிறுமியாயிற்றே, மார்பு வளரவேண்டுமே என்று அப்போது கொஞ்சமாக வெட்டியிருப்பார்கள். வெட்டிய விளிம்பில் நாலு புற்றுச் செல் தங்கியிருந்தால் போதும், திரும்ப வளர. பழைய ரிப்போர்ட்டில் விளிம்பைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

செய்யவேண்டியது:

1. அல்ட்ராசவுண்ட், அக்குளையும் சேர்த்து. பிறகு ஊசி பயாப்ஸி.

2. அன்று எடுத்த கட்டியின் துண்டை மெழுகில் பதித்து லேபில் வைத்திருக்கும் பழைய பிளாக்கைத் தேடச் சொல்லுங்கள். டர்பனில் லேப் வேலை பார்த்தவன் நான். சின்ன மெழுகுத் துண்டு, பிளாஸ்டிக் தட்டின் ஓரத்தில் ஒரு எண், அவ்வளவுதான். அந்த எண் ரிப்போர்ட்டின் மேலேயே இருக்கும். பழையதையும் புதியதையும் ஒரே பேத்தாலஜிஸ்ட் (திசுவைச் சோதிக்கும் டாக்டர்) பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

3. ஈடிவி6-என்டிஆர்கே3 (ETV6-NTRK3) என்ற இரண்டு ஜீன்களின் இணைப்புக்கான டெஸ்ட் கேளுங்கள். இந்த வகையின் அடையாளம் அது. பரவியிருந்தால் அந்த இணைப்பைக் குறிவைக்கும் லாரோட்ரெக்டினிப் போன்ற மாத்திரைக்கும் அதுவே வழி.

ஆனால் தழும்போரம் வருவதெல்லாம் புற்றல்ல. கொழுப்பு இறுகினாலும், பழைய தையல் நூலைச் சுற்றித் திசு திரண்டாலும் பட்டாணி போலத்தான் கைக்குத் தட்டும். தொட்டுப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது, நானும்தான். அம்மா சொல்கிறார்கள் என்று காவடி முடியும்வரை தள்ளிப்போடாதீர்கள், இந்த வாரமே போங்கள்.