டிபி மருந்து இரண்டு மாதம் சாப்பிட்டும் இ.எஸ்.ஆர். இன்னும் அதிகம், எடையும் ஒரு கிலோதான் ஏறியிருக்கிறது. மருந்து பிடிக்கவில்லையா?

உங்கள் கேள்வியில் இ.எஸ்.ஆர். இருக்கிறது, எடை இருக்கிறது. சளியில் டிபி கிருமி இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையின் ரிசல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே?

நானும் இப்படித்தான் மலேசியாவில், பட்டர்வொர்த்தில் ஒரு அரசாங்கக் கிளினிக் பெஞ்சில் இரண்டு தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் தாளில் இ.எஸ்.ஆர். 96, இரண்டு மாதம் கழித்து 58. மருந்து ஏறவே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். மிஸ்ஸி, அதாவது நர்ஸ், தாளை ஓரமாகத் தள்ளிவிட்டு, "சளி நெகட்டிவ் வந்தாச்சு தம்பி, அப்புறம் எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?" என்றார்.

இ.எஸ்.ஆர். கிருமியை எண்ணுவதில்லை. குழாயில் நிறுத்திய ரத்தத்தில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்பதுதான் அந்த எண். உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் சில புரதங்கள் கூடும். அணுக்கள் காசு அடுக்கினாற்போல ஒட்டிக்கொண்டு சீக்கிரம் இறங்கும். அந்தப் புரதங்கள் தணிய நாளாகும். ரத்தசோகை இருந்தாலும் எண் இறங்காது. எனக்கு அதுவும் இருந்தது. அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தச் சோதனையான சி.ஆர்.பி. இதைவிடச் சுறுசுறுப்பு, அழற்சி அடங்கியதும் மளமளவென்று குறையும். ஆனால் வேறு ஏதாவது தொற்று வந்தால் அதற்கும் ஏறிவிடும்.

எடையை நான் கொஞ்சம் கூடுதலாக மதிக்கிறேன். ஆரம்பத்திலேயே மெலிந்திருந்தவர் முதல் இரண்டு மாதத்தில் 5 சதவீதம்கூட ஏறாவிட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். 50 கிலோ ஆளுக்கு அது இரண்டரைக் கிலோ. மாத்திரைக் கணக்கும் எடையை வைத்துத்தான்: பல டிபி மருந்து ஒன்றாகச் சேர்ந்த கூட்டு மாத்திரை 38 முதல் 54 கிலோ வரை தினம் மூன்று, 55 ஆனால் நான்கு. நான் முதல் மாதம் குமட்டலில் 52லிருந்து 51க்கு இறங்கி, இரண்டாம் மாதம் 55 தொட்டேன். மூன்று மாத்திரை நான்கானதும், நோய் முற்றிவிட்டது என்று அம்மா அழுதுவிட்டார். அவரைத் தேற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆனால் எடையும் ஏமாற்றும். செந்தூலில் இருக்கும் என் பெரியப்பா ஆறு கிலோ ஏறியதும் குணமாகிவிட்டது என்று மூன்றாம் மாதமே மாத்திரையை நிறுத்தினார். வருஷம் திரும்புவதற்குள் இருமல் வந்துவிட்டது, மறுபடி முதலிலிருந்து.

அதனால் முதலில் இரண்டாம் மாதச் சளி ரிசல்ட்டைக் கேளுங்கள். இன்னும் பாசிட்டிவ் என்றால் கல்ச்சர் வைத்து, அதாவது சளியிலிருந்து கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். நெகட்டிவாக இருந்தும் எடை ஏறவில்லை என்றால் இனிப்புநீர், அதாவது சர்க்கரை நோய் இருக்கிறதா என்று சோதியுங்கள்; நம் ஆட்களில் அது எத்தனை பேருக்கு என்று உங்களுக்கே தெரியும். டிபி மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சில இனிப்புநீர் மாத்திரைகளின் வேகத்தையும் குறைத்துவிடும். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயம் வேண்டாம், அது அந்த மருந்தின் சாயம். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ அடுத்த மாத்திரைக்கு முன்பே டாக்டரைப் பாருங்கள், கல்லீரலைச் சோதிக்க வேண்டும்.

எடையை ஒரே தராசில், சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். ஒரு வாரம் எனக்கு முக்கால் கிலோ ஏறியதாக வீடே கொண்டாடியது. சாவிக்கொத்தும் ஹேண்ட்போனும் சட்டைப்பையிலேயே இருந்தன.