மெஷின் வந்தும் அடிமைகள் ஏன் கூடினார்கள்?

கேள்வி: 1793-ல் எலி விட்னி பருத்திக்கொட்டை பிரிக்கும் மெஷினைக் கண்டுபிடித்தாராம். அப்படியானால் அமெரிக்காவில் அடிமைகளின் தேவை குறைந்திருக்க வேண்டுமே? - வாசகி, ராஜபாளையம்

பதில்: நியாயமான சந்தேகம்தான், ஆனால் நடந்தது நேர் எதிர். தெற்கு மாநிலங்களின் உட்பகுதியில் விளைந்தது குட்டை இழைப் பருத்தி. பச்சைக் கொட்டை பஞ்சை விட்டு லேசில் வராது, ஓர் ஆள் நாள் முழுக்க உட்கார்ந்து பிய்த்தாலும் அரை கிலோ தேறினால் அதிகம். விட்னியின் பெட்டியில் உருளையைச் சுற்றிக் கம்பிப் பற்கள். அவை இடுக்கு வழியாகப் பஞ்சை மட்டும் இழுத்துக்கொள்ள, கொட்டை இந்தப் பக்கமே நின்றுவிடும். நாளுக்கு 20 கிலோவுக்கு மேல்!

சரி, விதைப்பதும் களையெடுப்பதும் பறிப்பதும்? எல்லாம் கைவேலைதான். லாபம் தெரிந்ததும் அலபாமா, மிசிசிப்பி என்று பருத்திக்காடு விரிய, 1790-ல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860-ல் ஏறக்குறைய 40 லட்சம். வடக்கே மட்டும் என்ன வாழ்ந்தது? அடிமைமுறையை ஒழித்துவிட்ட மாசசூசெட்ஸில், லோவெல் நகரின் துணி ஆலைகள் இந்தப் பஞ்சில்தான் ஓடின. அங்கே நெய்த முரட்டுத் துணி அடிமைகளின் உடுப்புக்காகத் திரும்பவும் தெற்கே போனது. விட்னியோ, காப்புரிமை வாங்கியும் ஆளாளுக்குக் காப்பியடித்ததில் இந்த மெஷினால் பெரிதாகக் காசு பார்க்கவில்லை.